சீனத்து அக்கா பார்த்துவிட்டுச் சொல்வாள்

அவள் பெயரை நான் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். மூன்றுக்கும் தலையை ஆட்டி மறுத்தாள். தூக்கிச் சொன்னால் ஒரு பொருள், இறக்கிச் சொன்னால் வேறு பொருள் என்று கையை மேலும் கீழும் ஆட்டி விளக்கினாள். நான் இறக்கிச் சொன்னபோது கூட வந்திருந்த மற்ற மூன்று சீனப் பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அப்படி என்னதான் சொல்லித் தொலைத்தேன் என்று இன்றுவரை தெரியாது. கடைசியில் "அக்கா" என்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தாள். அதோடு அந்தப் பிரச்சினை முடிந்தது.

அப்போது நான் மதுரையில் உடற்கல்வி படித்துக்கொண்டிருந்தேன். வீடு ஒத்தக்கடையில். மதுரையில் பெண்களுக்கான சர்வதேச டென்னிஸ் போட்டி நடக்கப்போகிறது, கோட்டு நடுவர் வேலைக்கு ஆட்கள் வேண்டும் என்று கல்லூரிக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தால் கையை நீட்டி "அவுட்" என்று கத்த வேண்டும், உள்ளே விழுந்தால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. எங்கள் வீட்டில் எனக்குக் கத்தத் தெரியும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இரண்டாவதைப் பற்றித்தான் அம்மா கவலைப்பட்டாள்.

சர்வதேசம் என்றாலும் அது டென்னிஸ் உலகத்தின் கடைசிப் படி. தரவரிசைப் பட்டியலின் கடைசிப் பக்கங்களில் இருப்பவர்கள் நாலு புள்ளிக்காக ஊர் ஊராக வந்து ஆடும் போட்டி. பார்க்க வருபவர்களைவிடப் பந்து பொறுக்குகிறவர்கள் அதிகம். நடத்தியவர் ஒரு சேலை வியாபாரி. வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர், கடையில் தமிழ், டென்னிஸ் களத்தில் மட்டும் ஆங்கிலம். போட்டிக்குச் செயலாளரும் அவர்தான், எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்தவரும் அவர்தான், ஆள் வராத அன்று உயர நாற்காலியில் ஏறி நடுவராக உட்காருபவரும் அவர்தான்.

சீனப் பெண்கள் வந்த முதல் நாள் அவர் வரவேற்புரை மாதிரி ஒன்று பேசினார். உங்களுக்காகக் காரமே இல்லாமல் தனிச் சமையல் ஏற்பாடு செய்திருக்கிறோம் என்றார். மூவர் தலையாட்டினார்கள். அக்கா மட்டும், "ஐ சீ" என்றாள். ஆகா, இந்தப் பெண்ணுக்கு எல்லாம் புரிகிறது என்று செயலாளருக்கு ஒரே சந்தோஷம்.

அவளுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான் தெரியும். நான் போய்ப் பார்க்கிறேன் என்பது அது. அவர் பேச்சை முடிப்பதற்குள் அவள் சமையல் கூடாரத்துக்குள் நுழைந்துவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

ஒவ்வொரு மூடியாகத் திறந்து உள்ளே தலையை விட்டுப் பார்த்தாள். சமையல் மாஸ்டர் கரண்டியோடு ஓடி வந்தார்.

"ஏத்தா, இந்தப் புள்ள சட்டிக்குள்ள என்னத்தத் தேடுது? காரமே போடலத்தா. சாமி சத்தியமா ஒரு மொளகாகூடப் போடல."

அவளுக்காகச் செய்திருந்த வெள்ளை நூடுல்ஸை ஒரு வாய் தின்று பார்த்தாள். "ஹாஸ்பிடல்" என்றாள். ஆஸ்பத்திரிச் சாப்பாடாம். பிறகு கூடாரத்தின் மூலையில், வேலை செய்கிறவர்கள் தங்களுக்கென்று வைத்திருந்த மீன் குழம்புச் சட்டியைக் கண்டுபிடித்தாள். விரலை விட்டு நக்கினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. மாஸ்டர் பதறித் தண்ணீர் எடுக்கப் போனார். அவள் தட்டை நீட்டினாள். அவளுடைய ஊர் சீனாவில் மிளகாய்க்குப் பேர்போன மாகாணமாம். மதுரைக்கு வந்து இறங்கியதிலிருந்து யாராவது ஒருவர் அவளுக்குத் தயிர்சாதத்தையே நீட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"இவ சீனாக்காரி இல்லத்தா, சாத்தூர்க்காரி" என்றார் மாஸ்டர். அன்றிலிருந்து அவளுக்குத் தனிச் சமையல் கிடையாது. மாஸ்டர் தன் பங்கிலிருந்துதான் ஊற்றினார்.

இரண்டாம் நாள் காலையில் மழை. மழை விட்டதும் செயலாளர் ஒலிபெருக்கியில், பத்து நிமிடத்தில் ஆட்டம் தொடங்கும் என்றார். எல்லோரும் காலணி நாடாவைக் கட்டினார்கள். அவள் களத்தின் நடுவில் போய்க் குந்தி, செம்மண்ணில் கட்டைவிரலை ஊன்றினாள். விரல் பாதிக்கு உள்ளே போனது. செயலாளரைக் கூப்பிட்டு அந்தக் குழியைக் காட்டினாள். அவர் பத்து நிமிடம்தான் என்று கையைக் காட்டினார். அவள் இரண்டு அடி தள்ளி இன்னொரு குழி போட்டாள். ஆறாவது குழியில் அவருக்குக் கோபம் வந்து ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும், தமிழிலிருந்து சௌராஷ்டிரத்துக்கும் போனார். அவள் சீன மொழியில் பதில் சொன்னாள். ஐந்து நிமிடம் இருவரும் மாறி மாறிப் பேசினார்கள். முடிந்தபோது இருவர் முகத்திலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட நிம்மதி தெரிந்தது. ஆட்டம் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் தொடங்கியது. அந்த இரண்டு மணி நேரமும் தண்ணீர் இறைத்த பெண்களோடு சேர்ந்து அவளும் சாக்கைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

முதல் சுற்றில் ஜெயித்தாள். அன்றே அவளுடைய வலது காலணியின் அடிப்பாகம் பிளந்துகொண்டது. இருந்தது ஒரே ஜோடி. அவளுடைய காலளவுக்கு மதுரைக் கடைகளில் ஆண்கள் காலணிதான் கிடைத்தது. அது கனத்தது. என் அண்ணன் கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் சாமான் செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். கொடுத்துவிடு, ஒட்டிக்கொண்டு வருகிறேன் என்றான். அதை நான் அவளிடம் சொன்னேன். அவள் என்ன சொன்னாள் என்பதைத் திரும்ப எழுத வேண்டியதில்லை.

போட்டிக்காக அமர்த்தியிருந்த வேனில் கப்பலூருக்குப் போனோம். வழியில்தான் அவள் தன் கதையைச் சொன்னாள். கொஞ்சம் ஆங்கிலம், மிச்சம் கை, கால், முகம். எட்டு வயதில் அவளை விளையாட்டுப் பள்ளியில் சேர்க்க ஆள் வந்து மணிக்கட்டை அளந்திருக்கிறார்கள். அங்கே தினமும் இறைச்சி போடுவார்கள் என்று அம்மா ஆசை காட்டியிருக்கிறாள். இவள் முந்தின நாளே தனியாக நடந்து போய், பள்ளிச் சமையலறை ஜன்னலில் தொங்கிப் பார்த்துவிட்டு வந்துதான் சம்மதித்தாளாம். எடுத்தது நீச்சலுக்கு. அந்த வருடம் நீச்சல் குளத்தில் விரிசல் விட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. அதனால் பிள்ளைகளை டென்னிஸுக்கு மாற்றிவிட்டார்கள்.

"குளத்தப் போய்ப் பாத்தியாக்கா?" என்று சைகையில் கேட்டேன்.

"ஐ சீ" என்றாள் பெருமையாக. உள்ளே இறங்கி விரிசலில் கையை விட்டே பார்த்திருக்கிறாள்.

பிறகு குரலைத் தாழ்த்தினாள். கூட வந்திருந்த பயிற்சியாளர் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறார். நால்வரில் யார் இந்தப் போட்டியில் அரையிறுதிக்குப் போகிறார்களோ அவர்களைத்தான் அடுத்த மாதம் மற்ற நாடுகளுக்கு அனுப்புவார்கள். மற்றவர்கள் ஊருக்குத் திரும்பிச் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து அடிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். பன்னிரண்டு வருடம் ஆடியிருக்கிறாள். "செமி பைனல், கோ. நோ செமி பைனல், ஹோம்" என்றாள். ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு, "ஐ நோ லைக் சில்ட்ரன்" என்றும் சொன்னாள்.

தொழிற்சாலையில் அண்ணன் காலணியை வாங்கிக்கொண்டு எங்களுக்கு டீ வாங்கிவரச் சொன்னான். அவள் டீயைத் தொடவில்லை. அழுத்து இயந்திரத்தின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். ரப்பரைத் தேய்த்து, பசை தடவி, சூட்டில் வைத்து அழுத்தி முடிக்கும்வரை கண்ணை எடுக்கவில்லை. அவள் இயந்திரத்தைப் பார்த்தாள், தொழிற்சாலை முழுக்க அவளைப் பார்த்தது. சூப்பர்வைசர் வந்து கத்தினார்.

"ஏண்டா, இன்னைக்கு வேலை நடக்குமா நடக்காதா? இன்னும் எம்புட்டு நேரந்தாண்டா இந்தப் புள்ள நிக்கும்?"

"ஆறுற வரைக்கும் நிக்குமாம் அண்ணே" என்றான் என் அண்ணன்.

"ஷூ ஆறவா, இந்தப் புள்ள ஆறவா?"

காலணி ஆறியது. அவள் வாங்கி அடிப்பாகத்தை இருபது தடவை மடக்கிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். போட்டுக்கொண்டு சிமெண்டுத் தரையில் இடமும் வலமுமாக ஓடி, சறுக்கி நின்றாள். பிறகு அண்ணனுக்குக் கைகொடுத்தாள். அவன் அந்தக் கையோடு ஒரு வாரம் திரிந்தான்.

அந்தக் காலணியோடு இரண்டாம் சுற்றையும் ஜெயித்தாள். அடுத்தது கால் இறுதி. எதிரே ஒரு தாய்லாந்துப் பெண். அன்று நடுவர் வரவில்லை. செயலாளர் நாற்காலியில் ஏறினார். அக்கா நின்ற பக்கத்தின் கடைசிக் கோடு எனக்கு.

இரண்டரை மணி நேரம் ஆடினார்கள். ஆளுக்கொரு செட். மூன்றாவது செட் இழுத்துக்கொண்டே போய் டைபிரேக்கருக்கு வந்தது. அதில் அவள் முந்தினாள். இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் அரையிறுதி. சமையல் மாஸ்டர் கரண்டியோடு வேலி ஓரத்தில் வந்து நின்றார்.

தாய்லாந்துப் பெண் ஓங்கி அடித்த பந்து அக்காவைத் தாண்டி என் கோட்டை நோக்கி வந்தது. அது தரையில் விழுவதற்கு முன்பே என் வாயில் அந்தச் சொல் வந்துவிட்டது.

"அவுட்!"

கை நீண்டுவிட்டது. செயலாளர் ஆட்டம் முடிந்தது என்று அறிவித்துவிட்டார். மாஸ்டர் கரண்டியால் வேலியைத் தட்டினார். தாய்லாந்துப் பெண் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கைகொடுக்க வலைக்கு வந்தாள். அக்கா வலைக்குப் போகவில்லை. எதிர்ப்பக்கமாக, என்னை நோக்கி நடந்து வந்தாள்.

"ஏம்மா, முடிஞ்சுபோச்சும்மா, நீதாம்மா வின்னர்" என்று செயலாளர் ஆங்கிலத்தை மறந்து கத்தினார். "போய்க் கையக் குடும்மா!"

"ஐ சீ" என்றாள்.

அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

செம்மண்ணில் பந்து விழுந்தால் தடம் இருக்கும். அவள் தடத்தின் முன்னால் குந்தினாள். ஒரு பக்கம் பார்த்தாள், சுற்றிப் போய் மறுபக்கம் பார்த்தாள். வெள்ளைக் கோட்டின் விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்குச் சுண்ணாம்பு கலைந்திருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

"குட்" என்றாள் சத்தமாக. பந்து உள்ளேதான் விழுந்தது என்று பொருள். மட்டையால் அந்தத் தடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, செயலாளருக்கும் காட்டினாள். புள்ளி தாய்லாந்துப் பெண்ணுக்குப் போனது. அடுத்த இரண்டு புள்ளிகளும் போயின. ஆட்டமும் போனது. பயிற்சியாளர் குறிப்பேட்டைத் திறந்து ஒரு பெயரின் மேல் கோடு இழுத்ததை எல்லோரும் பார்த்தோம்.

செயலாளர் என்னிடம் வந்து, "நாளைக்கு நீ கோட்டுப் பக்கம் வரவேணாம்மா. தண்ணி பாட்டில் எடுத்து வை, போதும்" என்றார். தகரக் கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். கொஞ்ச நேரத்தில் அவள் வந்தாள்.

"ஒய் க்ரை? ஐ லூஸ். யூ நோ லூஸ்."

"ஒனக்காகத்தான்க்கா சொன்னேன்" என்றேன் தமிழிலேயே. அது அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் சுருங்கியது. என்னைத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"டுமாரோ. சிக்ஸ்" என்றாள்.

மறுநாள் மதிய ரயிலில் அவர்கள் கிளம்ப வேண்டும். காலை ஆறு மணிக்கு ஆளில்லாத களத்தில் என்னைக் கோட்டின் முனையில் நிறுத்தினாள். ஒரு கூடை பழைய பந்துகள். எதிர்ப்பக்கம் போய், கோட்டை ஒட்டியே ஒவ்வொன்றாக அடித்தாள். நான் உள்ளே, வெளியே என்று சொல்ல வேண்டும். சொன்னதும் மட்டையை வைத்துவிட்டு, வலையைச் சுற்றி நடந்து வந்து, குந்தி, தடத்தைப் பார்த்து, காலால் அழித்துவிட்டுத் திரும்பிப் போவாள். நூறு பந்து. நூறு தடவை வந்து போனாள். ஒன்பது தப்பு என்று விரலைக் காட்டினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெற்றி.

எனக்கு ரோஷம் வந்தது. "நீ நில்லுக்கா" என்று அவளைக் கோட்டில் நிறுத்தினேன். எனக்கு அந்த மாதிரி அடிக்கத் தெரியாது, கையாலேயே எறிந்தேன். அவள் சொல்லச் சொல்ல நான் போய்ப் பார்த்தேன். நான் பார்த்ததை நம்பாமல் அவளும் வந்து பார்த்தாள். நூறு முடிந்தபோது அவளுக்குப் பதினொன்று தப்பு.

பதினொன்றாவது தடத்தை விட்டு அவள் எழுந்திருக்கவே இல்லை. கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தாள். ஒரு புல்லை எடுத்து அளந்தாள். பிறகு அப்படியே செம்மண்ணில் மல்லாந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "மை ஐ, பேட்!" என்றாள். "யுவர் ஐ, லிட்டில் பேட்!" முதுகெல்லாம் மண்ணோடு ரயிலுக்குப் போனாள்.

சொன்னபடியே அவளை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். புத்தாண்டுக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது. அவளே வரைந்த படம். குட்டிக் குட்டியாக இருபது பிள்ளைகள், நடுவில் விசிலோடு அவள். கீழே ஆங்கிலத்தில், பிள்ளைகள் எல்லோரும் பொய் சொல்கிறார்கள், ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை என்று எழுதியிருந்தாள். மூலையில் மின்னஞ்சல் முகவரி. அட்டையை வைத்துக்கொண்டு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை எனக்கு.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு நாள் பக்கத்து வீட்டுப் போனுக்கு அழைப்பு வந்தது. செயலாளர்.

"ஏம்மா, இன்னைக்கு இங்கிலீஷ் பேப்பர் பாத்தியா? விளையாட்டுப் பக்கம், அடியில, பொடி எழுத்து. ஒன் சீனாக்காரி டபுள்ஸ்ல ஜெயிச்சிருக்காம்மா!"

அவர்கள் மாகாணத்தில் இருந்த ஒரு நல்ல ஆட்டக்காரிக்கு இரட்டையர் ஆட்டத் துணையாக இருந்தவள் கணுக்காலை உடைத்துக்கொண்டாளாம். வேறு ஆள் கிடைக்காமல், பிள்ளைகளிடமிருந்து இவளைப் பிடுங்கி அனுப்பியிருக்கிறார்கள். வலைக்கு அருகில் நின்றால் பந்து எங்கே வருகிறது என்று கிட்டத்திலிருந்தே பார்க்கலாம். அந்த இடம் அவளுக்குப் பிடித்துப்போயிருக்க வேண்டும். அதன் பிறகு மூன்று வருடம் பொடி எழுத்தில் அவளோடு ஊர் ஊராகப் போனோம். பாங்காக், தாஷ்கண்ட், வாயில் நுழையாத இன்னும் சில ஊர்கள். தனியாக ஆடினால் முதல் சுற்றில் தோற்பாள். இருவராக ஆடினால் ஜெயிப்பாள். செயலாளர் கத்தரித்து வைத்தார். கடையில் சேலை பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் நம்ம ஊரில் ஆடின பெண் என்றார். ஆறு குழிகளைப் பற்றி அவர் வாயைத் திறந்ததாகத் தெரியவில்லை.

எனக்குக் கல்யாணமாகித் திருமங்கலத்துக்கு வந்துவிட்டேன். ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை வேலை. ஒரு தை மாதக் காலை, ஆஸ்திரேலியாவில் நடக்கும் பெரிய போட்டியில் அவள் இரட்டையர் கால் இறுதி ஆடுகிறாள் என்று செயலாளர் போன் செய்தார். அத்தை, அதாவது என் மாமியார், தொலைக்காட்சியில் கோலப்போட்டி பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சி மாற்றினேன்.

அவள்தான். முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். அதற்குள் பந்து விழுந்த இடத்தைக் கணினியில் வரைந்து பெரிய திரையில் காட்டும் வசதி வந்துவிட்டது. ஒரு பந்துக்குச் சந்தேகம் வந்தது. அரங்கமே திரையை அண்ணாந்து பார்த்தது. அவள் மட்டும் குனிந்து, தடமே விழாத அந்த நீலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்புட்டுப் பெரிய பொட்டியில காட்டுறான், இவ கீழ என்னத்தத்தா தேடுறா?" என்றார் அத்தை. "கம்மலு விழுந்துருச்சா?"

அன்று ஜெயித்தார்கள். அரையிறுதியைத் தொலைக்காட்சியில் காட்டவில்லை. தோற்றுவிட்டதாகப் பேப்பரில் வந்தது. அவள் ஏறியதில் அதுதான் உச்சம்.

"ஒனக்கு அவளத் தெரியும், சரி. அவளுக்கு ஒன்னயத் தெரியுமா?" என்று அத்தை கேட்டார். அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த வருடம் பொடி எழுத்தில் அவள் பெயர் வருவதே நின்றுபோனதும், பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த இணைய நிலையத்துக்குப் போய் அவளுக்கு எழுதினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. ஆங்கிலம் நன்றாகவே வந்திருந்தது அவளுக்கு.

தோளில் வலி. நான்கு டாக்டர்கள் இனி ஆட முடியாது என்றார்கள். நால்வரும் ஸ்கேன் படத்தைக் காட்டினார்கள். படம் படம்தானே. அறுவை சிகிச்சை செய்யும் ஐந்தாவது டாக்டரிடம், மயக்க மருந்து வேண்டாம், கையை மட்டும் மரத்துப்போக வை, உள்ளே விடும் கேமராவின் திரையை என் பக்கம் திருப்பு என்று கேட்டிருக்கிறாள். அவர் முடியாது என்றிருக்கிறார். இவள் ஒன்பது தடவை போய் அவர் அறை வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். கடைசியில் ஒப்புக்கொண்டார். "பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டியது நார் நாராகக் கிழிந்திருந்தது. டாக்டர்கள் சொன்னது சரி. முடிந்துவிட்டது. அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்" என்று எழுதியிருந்தாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டில் வந்து சொன்னதும் அத்தை நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"கண்ணத் தொறந்துக்கிட்டேவா?"

"ஆமா அத்தை. நடுவுல நடுவுல நிறுத்தச் சொல்லி, இது என்ன, அது என்னன்னு கேட்டுருக்கா."

"ஆத்தாடி."

ஆறு மாதத்தில் இன்னொரு கடிதம் வந்தது, கல்யாணப் புகைப்படத்தோடு. மாப்பிள்ளை அந்த ஐந்தாவது டாக்டர். அச்செடுத்துக்கொண்டு வந்து காட்டினேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அவள் பக்கம் கொஞ்சமாகவும், அவர் பக்கம் அதிகமாகவும்.

"மனுசன் நல்லா யோசிச்சாராமா?"

"அவதான் யோசிச்சாளாம் அத்தை. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு மாசம் அவரு வீட்டுல போயி இருந்து பாத்துட்டுத்தான் சரின்னாளாம்."

அத்தை படத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"அந்த ஒரு மாசத்துல அவரும் பாத்துருப்பாருல்ல," என்றார். "அப்பறமும் கட்டியிருக்காரே. தைரியசாலிதான்."